கிரைண்டரில் வரைந்த வாய்க்கால்

எரியும் கற்பூரத்தின் மேல் ஒரு கையை வைத்து, மறு கையால் எழுதப்படுவது இது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கோவையில் அப்போது தொடுதிரை இல்லாத பொருளே கிடையாது. கதவு, குக்கர், சலூன் நாற்காலி, எல்லாவற்றிலும் உள்ளூர்ப் பெண் பூங்கோதை உருவாக்கிய 'வரைமதி' என்ற செயலி ஓடியது. மனதில் இருப்பதைக் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்தால் போதும். பொருந்துவதை அது பச்சையாக்கும், பொருந்தாததைச் சிவப்பாக்கும். எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே படம். மாப்பிள்ளை பார்ப்பது முதல் மேம்பாலம் கட்டுவது வரை ஊரே வரைந்துதான் யோசித்தது.

கிரைண்டரில் மட்டும் ஓடவில்லை. அதன் திரை மூடியில் இருந்தது. மூடியோ மாவோடு சேர்ந்து சுற்றியது. அம்புக்குறிகளுக்குத் தலை கிறுகிறுத்தது.

"ஏனம்மிணி, கிரைண்டர்ல ஓடாதத வெச்சுக்கிட்டு நம்மூர்ல என்ன பண்றது?" என்றார் நகர மன்றத் தலைவர் மருதாசலம். "மழைக்காலம் வர்றதுக்குள்ள ஓட்டிக் காட்டு. இல்லீன்னா வெளியூர்க்காரன்கிட்ட வேற செயலி வாங்கிட்டு, உன்னுதை அத்தனை திரையிலயும் அழிச்சுப்போடுவேன்."

"ஓட்டிக் காட்டறனுங்க" என்றாள் பூங்கோதை.

மூடி வலப்பக்கம் சுற்றும் வேகத்தில் படத்தை இடப்பக்கம் சுற்றவிட்டாள். படம் அசையாமல் நின்றது. ஆனால் உளுந்து பொங்கப் பொங்கக் கல்லின் வேகம் குறைந்தது, படம் நழுவியது. உளுந்தின் பதத்தையும் வரைமதிக்குக் கற்றுக்கொடுத்தாள்.

சோதித்துப் பார்க்க மன்றத்து உணவகத்துக்கு அவள் போன காலையில் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். மன்றத்தில் கூச்சல். அப்போது ஓர் இடி. ஊரின் அத்தனை திரையும் அணைந்தது. உணவகத்துக் கிரைண்டர் மட்டும் நிற்கவில்லை. உள்ளூர்த் தயாரிப்பு; மின்சாரம் போனதை அது கவனிக்கவில்லை.

எல்லாரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு தெருவைச் சொல்ல, மாவு தோய்ந்த விரலால் பூங்கோதை தண்ணீர் போகும் வழியை வரைந்தாள்.

"தண்ணியை மறிக்கிறது எந்தக் கட்டடம்னு காட்டு. எந்த ராசா ஊட்டுதா இருந்தாலும் கதவைப் பேத்துப்போடலாம்" என்று முழங்கினார் மருதாசலம்.

ஒரு கட்டம் சிவந்தது.

"அது எதுங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

பொறியாளர் நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். "நம்ம மன்றமுங்க. பழைய வாய்க்கால் மேலதான் உக்காந்திருக்கோம்."

"தப்பா இருக்கும். திருப்பி வரை" என்றார் மருதாசலம்.

வரைந்தாள். முன்னைவிட நன்றாகச் சிவந்தது. மன்றத்தின் கட்டத்தை விரலால் துடைத்தாள். நகரம் முழுக்கப் பச்சை.

"கதவைப் பேத்துப்போடலாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்று நஞ்சப்பன் கடப்பாரையை நீட்டினார்.

மருதாசலமே தன் கையால் முன்கதவையும் பின்கதவையும் பெயர்த்தார். வெள்ளம் வாசல் வழியாக வந்து, தலைவரின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கொல்லை வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் தப்பியது. பூங்கோதையை ஒரு தோளிலும் கிரைண்டரை மறு தோளிலும் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கிரைண்டர் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மாவில் ஊருக்கே இட்லி. வரைமதி எல்லாத் திரையிலும் நிலைத்தது. மன்றம் இன்றுவரை அந்தக் கிரைண்டரைச் சுற்றித்தான் கூடுகிறது.

அச்சுக்குப் போகுமுன் இந்த வரலாற்றையும் வரைமதியில் வரைந்து பார்த்தார்கள்: இட்லியைத் தவிர எல்லாக் கட்டமும் சிவப்பு.