பன்னிரண்டாவது படம்

என் கேமராவில் மொத்தம் பன்னிரண்டு படம்தான் எடுக்கலாம். அதில் பதினொன்றை நான் வீணாக்கிவிட்டேன்.

வீணாக்கிவிட்டேன் என்று எனக்குச் சொன்னவர் வேதாரண்யத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த கோவிந்தராசு.

"பருந்தை எவ்வளவு தூரத்துல வச்சு எடுத்தே, பாப்பா?"

"அது பறந்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பனைமர உயரம் இருக்கும்."

"பதினொண்ணும் அப்படியேவா?"

"ஆமாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப பதினோரு புள்ளிதான் வரும். கோலம் போட்டுக்க வேண்டியதுதான்! இது பெட்டிக் கேமரா. எட்டடிக்குள்ள போனாத்தான் பருந்து பருந்தாத் தெரியும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கப்பலில் வேலை பார்க்கும் என் மாமா கொடுத்துவிட்டுப் போன கேமரா அது. கூடவே தந்தது ஒரே ஒரு பிலிம் சுருள். கப்பல் எப்போது திரும்பும் என்று மாமாவுக்கே தெரியாது. இன்னும் ஒரே ஒரு படம்தான் பாக்கி.

பருந்தைப் படம் எடுக்க அப்படி என்ன ஆசை என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். அம்மா கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்பவள். பருந்து என்றாலே அவளுக்கு ஆகாது.

"திருட்டுப் பய பறவைடி அது! கூடையிலேருந்து மத்தியைத் தூக்குனதை நான் மறக்கல. அதுக்குப் போட்டோ ஒரு கேடா?"

ஆனால் நான் எடுக்க நினைத்தது ஏதோ ஒரு பருந்தை இல்லை. செவலையை.

செவலை ஒரு செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் சுட்ட செங்கல் நிறம். அதற்குப் பெயர் வைத்தவள் என் தோழி அருள்மேரி. வயலோரம் இருந்த அவள் வீட்டு மண்சுவரில் தினமும் காலையில் ஒரு மீன் தலையை வைப்பாள். செவலை வந்து உட்கார்ந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூக்கிக்கொண்டு போகும்.

எங்கள் ஊரில் செம்பருந்தைக் கருடன் என்பார்கள். கண்ணில் பட்டால் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் அப்படித்தான். அருள்மேரி வேதக்காரப் பெண். அவள் சிலுவை போட்டுக்கொள்வாள்.

"நீ எதுக்குடி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ மட்டும் மரியாதை பண்ணினா செவலை என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்றாள்.

அதெல்லாம் சித்திரை வரைக்கும்தான். அப்போது நான் ஆறாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்தேன். டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கொடி, வயலில் சிவப்புக் கொடி என்று ஊரே கொடியாக இருந்த காலம். அருள்மேரியின் அப்பா சவரியப்பன் விவசாயச் சங்கத்தில் இருந்தார். அவர்கள் குடியிருந்த இடம் தன்னுடையது என்றார் மிராசுதார் அமிர்தலிங்கம். மூன்று தலைமுறையாக நாங்கள் இருக்கும் இடம் என்றார் சவரியப்பன். ஒரு நாள் மிராசுதாரின் ஆட்கள் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

அருள்மேரி குடும்பம் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அது முடியும்வரை சங்கத்து ஆட்கள் வரப்பைத் தாண்டக் கூடாது, மிராசுதாரும் அங்கே ஏர் பூட்டக் கூடாது என்று உத்தரவு. கூரை இல்லாத மண்சுவர்கள் மட்டும் நின்றன.

புரட்டாசியில் அருள்மேரியிடமிருந்து கடிதம் வந்தது.

'நாயகி, செவலை இன்னும் வருதா? எங்க சுவத்துல உக்காருதா? இங்கேயும் பருந்து இருக்கு. ஆனா அதுக்கு என்னைத் தெரியாது. நேத்து ராத்திரி கண்ணை மூடிப் பாத்தேன், செவலையோட மூஞ்சி ஞாபகத்துக்கு வரல. பயமா இருக்கு. உன்கிட்ட கேமரா இருக்குன்னு எழுதினியே. ஒரே ஒரு படம் அனுப்பேன்.'

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. செவலை வந்துகொண்டுதான் இருந்தது. ரோட்டிலிருந்து பார்ப்பேன். காலையில் அதே நேரத்துக்கு வந்து, வெறும் சுவரில் உட்கார்ந்து, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பறந்துபோகும். அதைப் பார்க்கும்போது எனக்கு அருள்மேரியைப் பார்க்க ஆசை ஆசையாக வரும்.

ஐப்பசி பிறந்தால் மழை. கூரை இல்லாத மண்சுவர் மழையில் எத்தனை நாள் நிற்கும்? அதற்குள் படத்தை எடுத்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு மீன் தலையை இலையில் சுருட்டிக்கொண்டு, கழுத்தில் கேமராவோடு வரப்பில் இறங்கினேன். பத்தடிகூடப் போகவில்லை.

"ஏய்! நில்லு!"

மிராசுதாரின் காவல்காரர் வைரக்கண்ணு. நெற்றியில் பட்டையாக நாமம், கையில் கம்பு.

"கேமராவா? சங்கத்துக்காரனுங்க அனுப்பினாங்களா? கோர்ட்டுல காட்டுறதுக்குப் போட்டோவா?"

"இல்லீங்க மாமா, பருந்தைப் படம் எடுக்க..."

"பருந்தாம் பருந்து! யாருகிட்ட காது குத்துறே?"

சத்தம் கேட்டு ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கினார். சங்கத்துக் காயாரோகணம். தோளில் சிவப்புத் துண்டு.

"என்ன நடக்குது இங்க? ஓ, மிராசுதாரு போட்டோ புடிக்க ஆள் வச்சிருக்காரா? வீடே இல்ல, குட்டிச்சுவருதான்னு காட்டவா?"

"அய்யோ, நான் யாரோட ஆளும் இல்லீங்க!" என்று கத்தினேன்.

என் பேச்சை யார் கேட்டார்கள்? இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் சுவருக்கு வந்த செவலை திரும்பிப் பறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆள் உயரம் வளர்ந்த இரண்டு பேருக்கும் ஒரு பருந்தைக் கண்டு பயமா?

யோசித்துப் பார்த்தபோது, அவர்கள் பயந்தது பருந்தைக் கண்டு இல்லை என்று தோன்றியது. தனக்குத் தெரியாமல் மற்றவன் என்ன செய்கிறானோ என்றுதான் இரண்டு பேருக்கும் பயம். அப்படியானால் ஒளிந்து ஒளிந்து போனது என் தப்புதான்.

சாயங்காலமே வைரக்கண்ணுவிடம் போனேன். "மாமா, நாளைக்குக் காலையில படம் எடுக்கப் போறேன். நீங்க பக்கத்துலேயே நின்னு பாருங்க. கழுவி வந்ததும் முதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன். நீங்க வேணாம்னா அனுப்ப மாட்டேன்."

அடுத்து காயாரோகணத்திடம் போய் அதையே சொன்னேன். அருள்மேரியின் கடிதத்தையும் இரண்டு பேரிடமும் காட்டினேன். காயாரோகணம் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். வைரக்கண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். அவர் கம்பால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. வரப்புக்கு அந்தப் பக்கம் காயாரோகணம், இந்தப் பக்கம் வைரக்கண்ணு. பேச்சுவார்த்தை கிடையாது.

"பாப்பா, அவரைக் குனிஞ்சு உக்காரச் சொல்லு. பருந்து பயப்படும்" என்றார் காயாரோகணம்.

"பாப்பா, அவரு துண்டை இறக்கி வைக்கச் சொல்லு. அதைப் பாத்துத்தான் பருந்து பயப்படும்" என்றார் வைரக்கண்ணு.

நான் முந்தின நாள் மீன் தலையைச் சுவர் மேல் வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளே மூலையில் குந்தினேன். சரியாக ஏழடி. கேமராவை வயிற்றோடு அணைத்து, விரலை விசையில் வைத்தேன்.

நிழல் ஒன்று தரையில் ஓடியது. செவலை வந்து உட்கார்ந்தது. அதன் கண்ணில் இருந்த பழுப்பு வட்டம்கூடத் தெரிந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் கை இரண்டும் தாமாக எழுந்து கும்பிட்டன. பட் பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கேமரா கழுத்தில் அம்போவென்று தொங்கியது. வெளியே பார்த்தால், அந்த இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

செவலை எங்கள் மூன்று பேரையும் பார்த்தது. மீன் தலையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது.

"அடிப் பாவி! எடுத்தியா?" என்றார் வைரக்கண்ணு.

"கும்பிட்டுட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "இன்னொரு மீன் தலை இல்ல. அம்மா புரட்டாசி சனிக்கிழமை கூடை எடுக்க மாட்டா."

காயாரோகணம் வேட்டியை மடித்துக் கட்டினார். தான் நின்ற பக்கம் ஓடிய வாய்க்காலில் இறங்கி, தோளிலிருந்த சிவப்புத் துண்டை விரித்து அரித்தார். நாலாவது தடவை ஒரு கெண்டை துள்ளியது.

ஆனால் அவர் வரப்பைத் தாண்டக் கூடாதே! மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வைரக்கண்ணு பார்த்தார். பிறகு பூவரச இலை ஒன்றைப் பறித்து நீட்டினார்.

"விரதம். கையால தொட மாட்டேன். இதுல வையி."

மீன் வரப்பைத் தாண்டியது.

"செவலை திரும்பி வரும். ஆனா அது வந்தா மறுபடியும் கை எழும்புமே, பாப்பா? பழக்கமாச்சே" என்றார் காயாரோகணம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அப்படின்னா இப்பவே கும்பிட்டுடலாம். வந்தப்புறம் கையை அசைக்கக் கூடாது."

மூன்று பேரும் வெறும் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டோம். கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அருள்மேரிக்காக நான் ஒரு சிலுவையும் போட்டேன்.

வெகுநேரம் காத்திருந்தோம். செவலை வந்தது. வைரக்கண்ணு தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டார். செவலை மீனை மிதித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, அருள்மேரியைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தது.

கிளிக்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. ஆறாம் நாள் போய்ப் பார்த்தால் சுவர் இல்லை, மண்மேடுதான் இருந்தது. செவலை மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

படம் கழுவி வந்தது. பதினொன்று புள்ளிதான். பன்னிரண்டாவதில் செவலை முழுசாக இருந்தது. செங்கல் நிறம்தான் வரவில்லை, கறுப்பாக விழுந்திருந்தது. அதன் காலடியில் சுவர். சுவரில் அருள்மேரி கரியால் வரைந்த பூ, மாடக்குழி, வாசல் நிலை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

சொன்னபடி வைரக்கண்ணுவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"சுவரும் படத்துல விழுந்திருக்கே" என்றார்.

எனக்குப் பக்கென்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

"இந்தக் கூரையைப் பிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன், பாப்பா" என்றார் மெதுவாக. பிறகு படத்தை என் கையில் கொடுத்தார். "இது பருந்துப் படம்தானே? அனுப்பு. யாரு கேட்டாலும் பருந்துப் படம்னே சொல்லு."

காயாரோகணம் படத்தைப் பார்த்துவிட்டு, தபால்தலைகூட அவரே வாங்கி ஒட்டினார்.

கார்த்திகையில் பதில் வந்தது. மண்மேட்டில் வைத்த மீன் தலையைச் செவலை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தபால்காரர் வழியிலேயே கொடுத்தார். நின்றபடியே பிரித்தேன்.

'நாயகி, செவலையோட மூஞ்சி இப்ப எனக்கு மறக்காது. நிறத்தை நான் கண்ணை மூடிப் போட்டுக்கிட்டேன். அப்பா படத்துக்குச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம், பருந்துப் படமான்னு கேக்குறாங்க. அப்பா, இல்லீங்க, எங்க வீடுன்னு சொல்றாங்க.'