ஆறு பத்துக்கு விழும் ட்ரிப்பர்

ட்ரிப்பர் விழுந்தபோது வீட்டில் பெரிதாக எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. மோட்டார் போடவில்லை, மிக்ஸி போடவில்லை. கூடத்தில் ஒரு விளக்கு, தலைக்கு மேலே ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். கர்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த அல்லிநகரத்துத் தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டு டிவி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. இவர் வீட்டில் மட்டும் இருட்டு. மணி மாலை ஆறு பத்து.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த குறுகலான நடையில், ஃபிரிட்ஜுக்கு மேலே, மெயினும், கசிவு வந்தால் கரண்டை வெட்டிவிடும் ட்ரிப்பரும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. விழுந்து கிடந்த கறுப்பு நாக்கைத் தள்ளி மேலே ஏற்றினார். வெளிச்சம் வந்தது. ஏதோ மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளும் அதே ஆறு பத்துக்கு விழுந்தது. விளக்கு அணைந்த அந்த நொடியில், ரொம்ப நேரம் மூச்சை அடக்கி வைத்திருந்த யாரோ அதை மெல்ல வெளியே விடுகிற சத்தம் கொல்லைப் பக்கம் கேட்டது.

இந்த வீடு அவர் வாடகைக்கு விட்டிருந்தது. போன ஐப்பசியில் இங்கே குடியிருந்த சாராள் டீச்சர், கொல்லையில் வாஷிங் மெஷினைத் தொட்டு ஷாக் அடித்து இறந்துபோனார். அதன்பிறகு யாரும் குடிவரவில்லை. “நாமளே ஒரு மாசம் அங்கன இருப்போம். வெளக்கு எரியிறதப் பாத்தா சனங்களுக்குப் பயம் விட்டுப்போகும்” என்று யோசனை சொன்னது அவர் மனைவி முருகம்மாள்தான். வந்த மூன்றாம் நாளே மகளின் பிரசவத்துக்காக அவள் கம்பம் போய்விட்டாள். கர்ணன் தனியாக இருந்தார்.

எலக்ட்ரீசியன் பிச்சைமணி மறுநாள் பகலிலேயே வந்து ஒரு ஒயர் விடாமல் பார்த்தான். கொல்லையில் டீச்சரின் மெஷின் இருந்த இடத்தில் இப்போது வெறும் பிளக் பாயிண்ட்தான் இருந்தது. அதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“எல்லாம் சுத்தமா இருக்குண்ணே. ஒயர்ல கசிவு இருந்தா நேரங்காலம் இல்லாம விழும். இது அப்பிடி இல்ல.”

“பெறகு?”

“ஆள் தொட்டா எப்பிடி விழுமோ, அப்பிடி விழுது. யாரோ தொடுறாக. இது விழுது. கைய விட்டுர்றாக.”

“வீட்ல நான் ஒருத்தன்தானப்பா இருக்கேன்.”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணே” என்று சிரித்தான் பிச்சைமணி. “ஆனா ஒண்ணு, விழுறது நல்லதுதான். விழலன்னா புடிச்ச கை புடிச்சபடியே நிக்கும்.”

போன வருஷம் டீச்சர் கர்ணனுக்கு ஐந்து முறை போன் செய்திருந்தார். ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறது, பரீட்சைத் தாள் திருத்த முடியவில்லை, யாரையாவது அனுப்புங்கள் என்று. ஆறாவது முறை கர்ணன் தானே போனார். ட்ரிப்பரைத் தாண்டி இரண்டு ஒயர்களையும் நேராக இணைத்து டேப்பைச் சுற்றினார். பத்து நிமிஷ வேலை. “டைரக்ட் குடுத்துட்டேன். இனிமே விழவே விழாது டீச்சர்” என்றார். டீச்சர் காபி போட்டுக் கொடுத்தார்.

அதற்கு நான்காம் நாள் மாலை ஆறு பத்துக்கு, ஈரக் கையோடு டீச்சர் மெஷினைத் தொட்டபோது ட்ரிப்பர் விழவில்லை. தகவல் கேட்டு முதலில் ஓடிவந்தவர் கர்ணன். கூட்டம் கொல்லையில் அழுதுகொண்டிருக்க, அவர் நடையில் நின்று டேப்பைப் பிரித்து, ஒயர்களைப் பழையபடி ட்ரிப்பரில் மாட்டினார். ட்ரிப்பர் இருந்தும் போய்விட்டாரே, விதிதான் என்றார்கள். முருகம்மாளுக்கும் அவர் சொல்லவில்லை.

பிச்சைமணி கொல்லை லைனைத் துண்டித்துவிட்டுப் போனான். அன்றும் ஆறு பத்துக்கு விழுந்தது. இந்தமுறை மூச்சு அடுப்படியிலிருந்து கேட்டது. மறுநாள் அடுப்படி சுவிட்சை அணைத்து வைத்தார். அப்போதும் விழுந்தது. மூச்சு அடுப்படி வாசலில் கேட்டது, கூடவே சோப்புத்தூளும் பிழியாத துணியும் கலந்த ஈர வாடை.

ஐந்தாம் நாள் மழை விடவே இல்லை. ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிட்டது. கர்ணன் முருகம்மாளுக்கு போன் போட்டார்.

“நான் கெளம்பி அங்கன வந்துரவா?”

“நல்லாருக்கு! வீட்டுக்காரரே பயந்து ஓடுனா யாரு குடிவருவாக? என்னங்க, ஒரு மாதிரி பேசுறீக?”

“இல்ல முருகு, அந்த டீச்சரம்மா விசயத்துல...”

“ம்?”

மழை இரைந்தது.

“ஒண்ணுமில்ல. புள்ளையப் பாத்துக்க” என்று வைத்துவிட்டார்.

ஆறு பத்து.

டக்.

ஓடிப்போய் ஏற்றினார். வெளிச்சம். கையை எடுப்பதற்குள் டக். இருட்டு. காதுக்குப் பக்கத்தில் மூச்சு. ஏற்றினார். டக். ஏற்றினார். டக். ஒவ்வொரு இருட்டிலும் வாடை கூடியது. ஏதோ ஒன்று தொடுகிறது, விடுகிறது, தொடுகிறது.

வாசலுக்கு ஓடியிருக்கலாம். அதற்குக் கூடத்தின் இருட்டைக் கடக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும். அது ஒன்றுதான் அவருக்குத் தோன்றியது.

செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டார். மெயினை அணைத்தார். ஒயர்களை உருவினார். நேராக முறுக்கினார். விரல்களுக்கு வேலை தெரிந்திருந்தது. மெயினைப் போட்டார்.

விளக்கு எரிந்தது.

எண்ணினார். பத்து. இருபது. ஐம்பது. விழவில்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. கூடத்துக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். வேர்வை ஆறியது. ஃபேன் சுற்றியது. சிரிப்புக்கூட வந்தது.

விளக்கு ஒருமுறை மங்கியது.

மறுபடி எரிந்தது. மறுபடி மங்கியது. நடையில் ஃபிரிட்ஜ் கடகடவென்று ஆடும் சத்தம்.

கர்ணன் திரும்பிப் பார்த்தார்.

ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தபடி சாராள் டீச்சர் நின்றிருந்தார். முழங்கைவரை சோப்பு நுரை. தலையிலிருந்து கால்வரை உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பற்கள் இறுகியிருந்தன. விடப் பார்த்தார். விரல்கள் விடவில்லை. விழுந்து விடுவிக்க இப்போது எதுவும் இல்லை.

மெயின் பெட்டி டீச்சரின் தலைக்கு மேலே இருந்தது.

விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. டீச்சரின் கண்கள் மெல்ல, மிக மெல்ல, கர்ணன் பக்கம் உருண்டன. பிறகு, பிடித்து இழுக்கச் சொல்வது போல, நுரை வழியும் இடது கை அவரை நோக்கி நீண்டது. நடையைத் தாண்டியும் நீண்டுகொண்டே வந்தது.