மகாராணி அழைக்கிறார்

"ஏங்க, அக்கா ரூம் பெல் அடிக்கவே மாட்டேங்குதே, பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்டபோது அவனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அக்கா போய் இருபது நாள் ஆகிறது. இனி அது அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? வாடகைக் கட்டிலை எடுத்துப்போக நாளைக்கு ஆள் வருகிறார்கள். அதற்காகக் காலையிலிருந்து அறையை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

"துடைக்கிறப்ப பட்டன்ல கை பட்டுச்சு. சரி, வேலை செய்யுதான்னு மூணு தடவை அழுத்திப் பார்த்தேன். உங்க பக்கம் ஒண்ணுமே வரலையா?"

வரவில்லை. காலை முழுக்க அவன் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்த பெல்லைச் செய்தவன் அவன்தான். உடம்பெல்லாம் அசைவிழந்து, குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்து, வலது கையில் ஒரு விரல் மட்டும் மிஞ்சிய அக்காவுக்காகச் செய்தான். கட்டிலோரம் ஒரு பட்டன். அங்கிருந்து சுவர் வழியாகப் பக்கத்து அறைக் கணினிக்கு ஒயர். அழுத்தினால் தேதியையும் நேரத்தையும் ஒரு வரியாக எழுதிப் 'பீப்' என்று கத்தும், சி மொழியில் எழுதிய சின்ன ப்ரோக்ராம். ஆறு மாதம் டெர்மினல் என்கிற கறுப்புக் கட்டளை ஜன்னலில் பிசகில்லாமல் ஓடியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, அவள் இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அவன் அதில் கைவைத்தான். ஹெட்போன் மாட்டியிருந்தாலும் கண்ணில் படட்டும் என்று, அந்த வரிகளை ஷெல் ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு குட்டி ப்ரோக்ராமுக்குத் திருப்பிவிட்டான். வரி வந்தால் திரை நடுவே பெட்டி ஒன்று துள்ளி வரும், பீப்புக்குப் பதில் ஸ்பீக்கரில் மணி அடிக்கும்.

"ஓடுற வண்டியில ஏன்டா கை வைக்கிற?" என்றாள் அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பெட்டியில மகாராணி அழைக்கிறார்னு போடு. அப்பவாவது பயந்து ஓடி வருவ" என்றாள். போட்டான். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் மதியம் ஹெட்போனோடு வேலையில் மூழ்கியிருந்தான். பெட்டி எதுவும் வரவில்லை. ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது கை சில்லிட்டிருந்தது. "தூக்கத்திலேயே போயிருக்காங்க. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் மருத்துவர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருபது நாளாக அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

இப்போது கணினியில் ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தான். ப்ரோக்ராம் அன்று சாயங்காலம் கிளப்பியபடியே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்டும் இருந்தது. அதன் இன்னொரு பிரதிக்குக் கையால் ஒரு வரி ஊட்டினான். பெட்டி உடனே வந்தது. அன்றும் இப்படித்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தான். இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. டெர்மினலுக்கு எழுதும்போது வரிக்கு வரி கொடுத்துவிடும் சி, இன்னொரு ப்ரோக்ராமுக்கு அனுப்பும்போது அப்படிக் கொடுக்காது. வாளி வைத்துப் பிடிப்பதுபோல் நினைவகத்தில் சேர்த்து வைக்கும். நாலாயிரம் எழுத்து நிறைந்தால்தான் மொத்தமாகக் கவிழ்க்கும். 'உடனே கொடு' என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். முதல் வருஷம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். பாவி, அடப்பாவி!

அக்கா அன்று அழுத்தியிருந்தால் அது இன்னும் உள்ளே இருக்கிறது. ப்ரோக்ராமைக் கொன்றால் எல்லாம் அதோடு அழிந்துவிடும்.

விளக்கியபோது மனைவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்திடுங்க. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கூப்பிடலைன்னு தெரிஞ்சா போதும். நிம்மதியா இருப்பேன்."

"கூப்பிட்டிருந்தா?"

அவன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கணினியின் விசிறி முனகியது. துடைத்து முடித்த அறையிலிருந்து கிருமிநாசினியின் காரமும், அதற்கு அடியில் அக்காவின் முகப்பவுடர் வாசனையும் மெல்ல நடைவழியில் பரவிவந்து அவன் நாற்காலியைச் சுற்றி நின்றன. ஓடுகிற ப்ரோக்ராமை மடக்கிப் பிடிக்கும் டிபக்கரை அதன்மேல் ஏவினான். உள்ளே இருப்பதைக் கொட்டு. இனி எதையும் சேர்த்து வைக்காதே. இரண்டு கட்டளைகளையும் கொடுத்து, பிடியை விட்டான்.

மணி அடித்தது. 'மகாராணி அழைக்கிறார். 2:12.'

அவள் போன அதே நாள். அதே மதியம்.

2:12. 2:13. 2:13. 2:15. பெட்டிமேல் பெட்டி விழுந்தது. 2:31. 2:40. ஒவ்வொன்றுக்கும் மணி. 2:51.

"ஐயோ, கூப்பிட்டிருக்கா!" வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "இங்கதானேக்கா உட்கார்ந்திருந்தேன். ஒரு சுவர். ஒரே ஒரு சுவர்தான்."

மணி நிற்கவில்லை.

5:10. அப்போது அந்தச் சில்லிட்ட கை அவன் கைக்குள் இருந்தது. மறுநாள் 10:30. உடலை எடுத்துப்போய், வீடு பூட்டிக் கிடந்த நேரம். அதற்கு மறுநாள். அதற்கும் மறுநாள்.

"ஒயர் லூஸா இருக்கும்," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. ஒயர் கோளாறு தாறுமாறாக வரும். இது இரண்டு அழுத்து, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. அக்கா அப்படித்தான் அழுத்துவாள்.

இன்றைய தேதி வந்தது. 11:40, மூன்று முறை.

"அது நான்," என்றாள் மனைவி.

1:55. 1:55. 2:03. 2:03.

"இது நான் இல்லைங்க."

திரை அமைதியானது. மூலையில் கடிகாரம் 2:12க்கு மாறியது. புதிய பெட்டி. மணி.

எழுந்தான். கதவு. மங்கிய வெளிச்சம். விரிப்பு உருவிய வெறும் மெத்தை. மெத்தை ஓரத்தில் பட்டன்.

யாரும் இல்லை.

வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, பட்டனை உள்ளங்கையால் மூடினான். "வந்துட்டேன்க்கா."

கைக்கு அடியில் பட்டன் அசைந்தது. பலமில்லாமல், பாதியில் தயங்கி, பிறகு முழுசாக இறங்கியது. அடுத்த அறையில் மணி.

"ஏங்க, இன்னொண்ணு," என்றாள் மனைவி அங்கிருந்து.

"இங்கதான்க்கா இருக்கேன். என்னைப் பாரு. பக்கத்துலதான் இருக்கேன்."

இறங்கியது. மணி.

"இன்னொண்ணு."

"அக்கா!" தொண்டை கிழியக் கத்தினான். "அக்கா, நான் வந்துட்டேன்!"

அவன் கைக்கு அடியில் பட்டன் முன்னைவிட வேகமாக இறங்கத் தொடங்கியது.