விடச் சொல்லும் வரை

ஜீப்பின் கதவைத் திறந்தபோது பிரேக் பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே வந்தது. லைனில் ஏர் இருந்தால் பெடல் இறங்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஏறச் சோம்பல்படும். ஆனால் கதவைத் திறக்கும்வரை காத்திருந்து ஏறுவதற்கு எந்தக் காரணமும் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. விடிந்ததிலிருந்து பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிவிட்டு வந்தவனுக்கு, இன்னொரு வண்டியின் மனக்குறையைக் கேட்கக் காது ஏது?

எடைக்குப் போகவேண்டிய வண்டி அது. ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தி, துரு தின்ற தரையை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்ற வைத்தான். நீளமான ஸ்பிரிங் பட்டைகள் போட்டு உயர்த்தினான். பெரிய டயர்களும் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வாரத்தில் இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. வெளியூரில் படிக்கும் மகள் இந்த வார இறுதியில் வருகிறாள். மூன்று பேருமாக மலைப்பாதையில் போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். மிச்சம் இருந்தது பிரேக் மட்டும்தான்.

பிரேக்கில் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் கீழே படுத்துக்கொள்ளவேண்டும். கீழே இருப்பவர் "மிதி, மிதி, பிடி" என்பார். மேலே இருப்பவர் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் சக்கரத்துக்குப் பின்னால் ஏர் வெளியேறும் திருகான நிப்பிளைத் திருகவேண்டும். குமிழ் குமிழாக ஆயில் வந்ததும் இறுக்கிவிட்டு "விடு" என்றால், மேலே காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால் அத்தனை பாடும் வீண்.

மிதிக்கிறவள் மனைவி. தையல் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் பெடலை மிதித்துவிட்டு வந்து, சாயங்காலம் இதை மிதிக்கவேண்டும். "எனக்குன்னு பெடலாப் பார்த்து எழுதி வச்சிருக்கு" என்பாள். அதோடு சரி, சண்டை பிடிக்கமாட்டாள். சம்பளம் தாமதமானாலும், கூரை ஒழுகினாலும், அவன் வாய்க்கு வந்தபடி கத்தினாலும் ஒரு பெருமூச்சு, பிறகு "சரி, விடுங்க." மகள் அவளுக்கு வைத்த பெயரே விடு மேடம்.

டயர் கடைக்காரர் சொன்னதை மட்டும் அவன் மனைவியிடம் சொல்லவில்லை. புது டயரைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டே, இந்த வண்டியை முன்பு வைத்திருந்தவரைத் தனக்குத் தெரியும் என்றார் அவர். அந்த மனிதரும் எல்லா வேலையும் வீட்டிலேயே பார்ப்பாராம், சம்சாரம்தான் துணையாம். ஒரு சாயங்காலம் கீழே படுத்து "பிடி" என்றவருக்கு அப்படியே நெஞ்சு நின்றுவிட்டது. காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தபோது அந்தம்மா சீட்டிலேயே இருந்தாள்.

"எழுந்திரும்மான்னா, அவர் இன்னும் விடச் சொல்லலையேன்னு சொல்லுச்சாம். பெடல்லேருந்து காலைப் பிரிச்சு எடுக்கவேண்டியதாப் போச்சு. அந்தம்மாவும் அப்புறம் ரொம்ப நாள் உயிரோட இருக்கல" என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு, பழைய டியூப் வேண்டுமா என்று கேட்டார்.

இதை மனைவியிடம் சொன்னால் அந்தச் சீட்டில் அவள் உட்காரமாட்டாள். வேலை நின்றுபோகும். செத்தவர்கள் பாவம்தான், அதற்காக வண்டியை ஓட்டாமல் இருக்கமுடியுமா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றினான். வண்டி உயர்ந்துவிட்டதால் ஸ்டாண்டுகளின் உயரம் போதவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மரக்கட்டையைச் செருகி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை ஸ்டாண்டுகளின்மேல் இறக்கினான். ஜாக்கியை உருவி முன்பக்கம் தள்ளினான். வேலை தெரிந்தவன் செய்கிற காரியமில்லை, களைத்தவன் செய்கிற காரியம். அது அவனுக்கே தெரிந்திருந்தது.

அழுக்குச் சாக்கை விரித்து மல்லாந்து நகர்ந்து உள்ளே போனான். பிரேக் ஆயிலின் காட்டமான வாடையும், ஈரமண்ணும், எப்போதோ இந்த வண்டியில் ஏற்றிய ஏதோ தானியத்தின் புளித்த நெடியும் மூக்கில் ஏறின. தொங்கவிட்ட பல்பு அசைந்து அசைந்து, பின் அச்சின் நிழலை அவன் மார்பின்மேல் போடுவதும் எடுப்பதுமாக இருந்தது.

"மிதி. மிதி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கொட்டகைத் தகரமெல்லாம் அந்த இரைச்சலில் அதிர்ந்தது. நடுவில் மனைவி ஏதோ சொன்னது அரைகுறையாகக் கேட்டது. திருகில் கண் வைத்திருந்தவன் "ம்" என்றான். செருப்புச் சத்தம் கேட்டதா இல்லையா என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

வேலை சீராக நடந்தது. சொல்லப்போனால் அத்தனை சீராக என்றைக்குமே நடந்ததில்லை. மற்ற நாட்களில் அவள் "இருங்க, கால் மாத்திக்கறேன்" என்பாள், கொட்டாவி விட்டுப் பெடலைத் தவறவிடுவாள். இன்று சொன்னது சொன்னபடி மிதித்தாள், சொன்னது சொன்னபடி பிடித்தாள். குரல் மட்டும் தொய்ந்துபோய், நெடுநேரம் தண்ணீர் குடிக்காதவளின் குரலாக வந்தது. பாவம், ஓய்ந்துபோய்விட்டாள், இதோடு முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

"மிதி. மிதி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

மோட்டார் நின்றது.

காதில் விழுந்த அமைதிக்குள், அடுப்படி ஜன்னலிலிருந்து டம்ளர் வைக்கும் சத்தம் வந்தது. பிறகு சிரிப்பு. மனைவியின் சிரிப்பு. மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். டீ கொதிக்கிறது, அப்பா இன்னும் வண்டிக்கு அடியில்தான் குடித்தனம் என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

அவன் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. தலைக்கு மேலே, புதுத் தகட்டுக்கு அந்தப் பக்கம், சீட்டின் ஸ்பிரிங் லேசாக முனகியது. கனமான ஒருவர் உடம்பை ஒருக்களித்து உட்கார்ந்த முனகல்.

கழுத்தைத் திருப்பினான். வலப்பக்க மரக்கட்டை நெடுக்காகப் பிளந்து கிடந்தது. ஸ்டாண்டு சாய்ந்திருந்தது. அதன் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. அதன் வழியாகப் பல்பின் வெளிச்சம் வந்தது. இடப்பக்கம் பார்த்தான். அங்கேயும் வெளிச்சம்.

வண்டியின் பின்பாதி எதன்மேலும் நிற்கவில்லை.

மேலே, சாவகாசமாக, அந்தக் குரல்.

"பிடிச்சிருக்கேன்."

முழங்கையை ஊன்றினான். நகர்ந்துவிடலாம். சத்தமில்லாமல். ஒரு சாண் நகர்ந்தான். அடுப்படியில் பேச்சு முடியப்போகிற நேரம். மகள் ஏதோ சமாதானம் சொல்லியிருக்கவேண்டும். மனைவியின் பெருமூச்சு ஜன்னல் தாண்டி வந்தது.

"சரி, விடு."

வண்டி இறங்கியது.

அச்சின் நடு உருண்டை மார்பில் உட்கார்ந்தது. எலும்பு ஒன்று உள்ளே முறிந்தது.

"பிடி!"

நின்றது.

அவ்வளவுதான் மூச்சு. அதற்குமேல் இல்லை. இழுத்தால் கால்வாசிதான் உள்ளே போயிற்று. இடக்கை அச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கத்த முடியாது. நகர முடியாது.

"பிடி" என்று முணுமுணுத்தான்.

"பிடிச்சிருக்கேன்." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியதுபோல் அது கேட்டது. "கால் மரத்துப்போச்சுங்க. எப்ப விடச் சொல்வீங்க?"

அவனுக்கு அழுகை வந்தது. பயத்தைவிட அந்தக் குரலின் அயர்ச்சிதான் அழவைத்தது. அந்த அயர்ச்சியை அவனுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் மனைவியை அதே சீட்டில் உட்காரவைத்தவன் அவன்தான்.

ஆனாலும் இவள் பிடிப்பாள். ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தவள். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தால் போதும். மனைவி வந்து பார்த்து, ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டு, ஜாக்கி கொடுத்துத் தூக்கும்வரை. ஒரு வார்த்தை. சொல்லாமல் இருந்தால் போதும்.

செருப்புச் சத்தம் கேட்டது. டீ வாசனை வந்தது. சக்கரம் இல்லாத இடத்தில் அவளுடைய பாதங்கள் வந்து நின்றன, நாள் முழுக்க மிதித்து வீங்கிய பாதங்கள்.

"டீ போடப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். ம்னீங்களே." குனிந்தாள். முழங்காலில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். அச்சின் நிழல் அவன் மார்பை மூடியிருந்தது. அவன் முகம் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பேசாதே" என்றான். காற்றாகத்தான் வந்தது.

அவள் முகம் வாடியது. கோபமாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். அவன் தலையை ஆட்டினான். கண்ணால் கெஞ்சினான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்த கோபம்தானே, அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மேலே சீட்டு முனகியது. யாரோ காது கொடுத்துக் கேட்பதற்காகச் சாய்ந்தார்கள்.

அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி" என்றாள்.

அவளுடைய மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டது.