எல்லாக் காதுக்கும் ஒரே பாட்டு

"ஆல்பத்துக்குப் பூட்டு போட்டா யாருமே கேக்க மாட்டாங்க மேடம். காதுல இருக்கறதைக் கழட்டி வெச்சுட்டுப் பாட்டு கேளுன்னா எவன் கேப்பான்?" என்றாள் இசை நிறுவனத்துச் சாருலதா.

"கேக்கலைன்னா போகட்டும்," என்றாள் பெர்னதெத்.

கரிக்கோடு ராக் குழுவின் பாடகி அவள். ஏழு ஆல்பம், இருபது வருடம், போகிற இடமெல்லாம் கூட்டம். ஆனால் இப்போதெல்லாம் அவள் பாடியது யார் காதிலும் போய்ச் சேருவதில்லை. ஊரில் எல்லார் காதிலும் மிளகளவுக்கு ஓர் இசைவி இருந்தது. அது கேட்பவரின் நாடியைப் பார்த்து, அவருக்குப் பிடித்த மாதிரி பாட்டை அந்த நொடியே மாற்றிக் கொடுக்கும். டிரம்ஸ் ஆகாதவருக்கு டிரம்ஸ் அடங்கிப்போகும், கோபம் ஆகாதவருக்குக் கோப வரி தாலாட்டாகிவிடும். ஆற்றில் கொட்டிய ஆலைச் சாம்பலைப் பற்றி அவள் வயிறெரிந்து எழுதிய பாட்டை ஒரு கல்யாண வரவேற்பில் போட்டு மாலை மாற்றினார்கள். எல்லார் காதிலும் அது காதல் பாட்டாம். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

எட்டாவது ஆல்பத்துக்கு 'ஒரே பாட்டு' என்று பெயர் வைத்தாள். அதற்கு ஒரு பூட்டும் போட்டாள்: காதில் இசைவி இருந்தால் ஆல்பம் வாயே திறக்காது. பிடித்தவர் கேட்கட்டும், பிடிக்காதவர் திட்டட்டும்.

ஒலிப்பதிவுக்கு முன்னால் குழுவினர் மூவரும் தங்கள் இசைவியைக் கழற்றினார்கள். மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டியே பழகிய சாமான், வருடக்கணக்கில் யாரும் கழற்றியதில்லை. மீரான் டிரம்ஸில் தாளம் எடுத்தான். தணிகை கிட்டாரில் சேர்ந்துகொண்டான். அவள் பாடினாள். முதல் பல்லவி முடியுமுன் மூவருமே நிறுத்திவிட்டார்கள்.

சகிக்கவில்லை. தாளம் ஒரு பக்கம் போனது, கிட்டார் ஒரு பக்கம் போனது. உச்சத்துக்குப் போனபோது அவள் குரல் பழைய துணியாகக் கிழிந்தது.

"உன் குரல் எப்பப் போச்சு?" என்றான் தணிகை.

"இத்தனை நாளா நீ கேட்டதே இல்லையா?"

"என் காதுல நீ இன்னும் இருபத்தஞ்சு வயசுக் குரல்லயே பாடிக்கிட்டு இருந்தே."

அவளுக்கும் அவன் விரல்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தன. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று பேட்டிதோறும் பெருமையடித்தார்களே, அந்த ஒற்றுமை மூன்று மிளகுகளின் கைங்கரியம். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட வீம்பு அதிகமாக வந்தது.

"மாட்டிக்கலாமா?" என்றான் மீரான் மெதுவாக.

"மாட்டினா நான் வீட்டுக்குப் போயிடுவேன். முதல்லேர்ந்து அடி."

மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்கப் புதிதாகப் பழகினார்கள். கிழிந்த குரலை மறைக்காமல், அதைச் சுற்றியே பாட்டுகளைக் கட்டினார்கள்.

வெளியிடப் போனபோதுதான் வம்பு வந்தது. போலிப் பாடகர்களைப் பிடிக்கிற குரல்சான்றுப் பொறி, 'இது பெர்னதெத் அல்ல' என்று ஆல்பத்தைத் தள்ளிவிட்டது.

"ஜனங்க கேக்கற குரலைத்தான் அது உங்க குரல்னு பதிஞ்சு வெச்சிருக்கு மேடம்," என்றாள் சாருலதா. "பூட்டை எடுத்துட்டா இசைவி சரிபண்ணிடும், இன்னிக்கே வெளியிடலாம். இல்லைன்னா கரிக்கோடு பேர்ல விட முடியாது."

இருபது வருடம் ஓடியோடிச் சம்பாதித்த பெயர். பெர்னதெத் மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்கள் தலையாட்டினார்கள்.

"அப்ப பேரை எடுத்துடு. யாரோ புதுசா வந்தவங்கன்னு போடு."

ஆல்பம் வெளிவந்ததும் வந்து குவிந்தது வசைதான். சாருலதா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படித்தாள். "கரிக்கோட்டைக் காப்பியடிக்காதே, பெர்னதெத்கிட்ட போய்ப் பாடக் கத்துக்கோ" என்று எழுதியிருந்தார் திருச்சிக்காரர் ஒருவர். மூன்றாவது பாட்டில் 'கரை' என்கிற இடத்தில் குரல் கிழிவது நாராசமாம். அடுத்தது தென்காசிப் பெண் ஒருத்தியுடையது. அதே பாட்டு, அதே இடம், அதே திட்டு.

"அந்த ரெண்டையும் இன்னொரு தடவை படி," என்றாள் பெர்னதெத்.

முன்பின் அறியாத இரண்டு பேர், எத்தனையோ வருடத்துக்கப்புறம், ஒரே பாட்டைக் கேட்டிருந்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தணிகை, கிட்டாரை எடு," என்றாள். "அடுத்ததுல அந்த மாதிரி இடம் இன்னும் நாலு வைப்போம்."