சூழல் பாதுகாப்பானது

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பையில் கல்லூரி கொடுத்த கடிதம், புதுப் பதிவேடு; காலில் கடிக்கும் புதுச் செருப்பு. மூன்று வாரக் கற்பித்தல் பயிற்சி. முதல் வாரம் பாடம் எடுக்கக் கூடாது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். கவனித்ததை 'பள்ளிச் சூழல்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதி, தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டம் இல்லை, இன்னொரு வருடம் படிக்க வேண்டியதுதான்.

எனக்கு இன்னொரு வருடம் கிடையாது. நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் தினமும் என் முன்னால் தட்டை வைக்கும்போது, "இந்த வருஷத்தோட முடிஞ்சிடும்ல?" என்று கேட்பாள். அண்ணன் அப்போது மட்டும் கைப்பேசியைப் பார்ப்பான்.

பள்ளிக்கூடம் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், பழங்கள், பறவைகள். உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு நாற்றம் மூக்கில் ஏறியது. ஆப்பிள் வரைந்த இடத்தில் ஈரம் பூத்து, ஆப்பிளுக்குச் சொறி பிடித்த மாதிரி இருந்தது.

தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய மிஸ் என்றார்கள். என் கடிதத்தைப் பிரிக்காமலே பீரோவைத் திறந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"முன்னாடி பயிற்சிக்கு வந்த பொண்ணு எழுதினது. அழகான கையெழுத்து. வர்றவங்க எல்லாம் இதைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. நீயும் எழுதிக்கோ."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோருமே மூத்தவர்களின் பதிவேட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள்தான். கவனிப்பது எப்படி என்று கல்லூரியில் ஒரு வருடம் பாடம் நடத்துவார்கள், பிறகு நாங்கள் காப்பியடிப்போம்.

எனக்கு ஏழாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்வரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கடைசி பெஞ்சு மட்டும் காலி. நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பினாள். வகுப்பே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும்.

"மிஸ், கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"ஏன்?"

"அவங்க எழுதுற கை உங்க மேல இடிக்கும்."

பிள்ளைகள் புது மிஸ்ஸை ஆழம் பார்ப்பது வழக்கம்தானே என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, ஏனோ தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

அன்று மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. பழைய பதிவேட்டைத் திறந்துவைத்து எழுதத் தொடங்கினேன். 'வகுப்பறைகள் காற்றோட்டமானவை. குடிநீர் வசதி உண்டு. சூழல் தூய்மையானது, பாதுகாப்பானது.' பேனா தன்பாட்டில் ஓடியது. பக்கத்தை முடித்துவிட்டுச் சரிபார்த்தேன்.

என் பதிவேட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

'கடைசி பெஞ்சுக்குப் பின்னால் உள்ள சுவர் உள்ளே வெற்றாக இருக்கிறது. பிள்ளைகளை முன்னால் உட்காரவைக்க வேண்டும்.'

என் கையெழுத்துதான், என் பேனாதான். பழைய பதிவேட்டை இரண்டு தடவை தேடினேன், அதில் அந்த வரி இல்லை. தூக்கக் கலக்கம் என்று பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மறுபடியும் அதே வரி.

எழுந்து ஏழாம் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன். காலிக் குடத்தைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது.

நான் கையை எடுத்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை.

டொக். டொக். டொக்.

எனக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்தில், யாரோ நிதானமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலுக்கு ஓடியவள் மணியக்கா மீது மோதினேன். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதும் அறைகளைப் பூட்டுவதும் அவர்தான். என் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனார்.

"அந்தப் புள்ளையோட நோட்டைத்தான உனக்கும் குடுத்தாங்க?" குரல் எழும்பவே இல்லை. "ஆறு வருஷம் ஆச்சும்மா. உன்ன மாதிரிதான், பயிற்சிக்கு வந்துச்சு. சுவரு சரியில்லன்னு நோட்டுல எழுதிருச்சு. பெரிய மிஸ் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. அழுதுக்கிட்டே மாத்தி எழுதுச்சு, பாதுகாப்பா இருக்குன்னு. கையெழுத்தும் வாங்குச்சு. மறுநாள் அதே பெஞ்சுல உக்காந்திருந்தப்போ சுவரு வுழுந்திருச்சு. பின்னாடி இருந்த புள்ளைங்கள முன்னாடி தள்ளிவிட்டுச்சு. அதுக்குத்தான் எந்திரிக்க நேரம் இல்ல."

"இப்ப இருக்கிற சுவர்?"

"கட்டுனது அதே ஆளு. பெரிய மிஸ்ஸோட தம்பி."

செத்துப்போன பெண்ணின் பதிவேட்டை, கையெழுத்து அழகாக இருக்கிறதென்று, வருகிறவர்களுக்கெல்லாம் மாதிரிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் அந்த வரியோடேயே பதிவேட்டைப் பெரிய மிஸ்ஸிடம் நீட்டினேன்.

படித்தார். அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ வந்து எத்தனை நாளாச்சு?"

"ஒரு நாள், மிஸ்."

"ஒரு நாள்ல சுவருக்கு வைத்தியம் பார்க்கிற அளவுக்குப் படிச்சிட்ட." பக்கத்தை அவரே கிழித்தார். "கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

அண்ணி தட்டு வைக்கும் சத்தம் காதில் கேட்டது.

"வேணும், மிஸ்."

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது அதிகம் இருக்கவில்லை. அங்கேயே, அவர் மேசையிலேயே, எழுத உட்கார்ந்தேன். 'சூழல்' வரை சரியாக வந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை. விரல்கள் மேல் குளிர்ந்த விரல்கள் அமர்ந்தன. சுண்ணாம்பு வாசனை. கழுத்தோரம் மூச்சு. யாரோ கெஞ்சுகிற மாதிரி என் கையை இடப்பக்கம் இழுத்தார்கள்.

நான் அழுத்தி எழுதினேன்.

'பாதுகாப்பானது.'

குளிர் போய்விட்டது. பெரிய மிஸ் கையெழுத்துப் போட்டு, பயிற்சி முடியும் நாளையே தேதியாகவும் போட்டார்.

மற்ற நாட்கள் எப்படியோ ஓடின. பாடம் எடுத்தேன், கரும்பலகையை விட்டு நகரவே இல்லை. கடைசி நாள், கடைசி பாடவேளை. வகுப்பாசிரியர் பாடம் எடுக்க, நான் கவனித்து முடிக்க வேண்டும் என்பது விதி. திரும்பவும் அந்த பெஞ்சு. மழை கட்டிக்கொண்டு வந்து பிற்பகலிலேயே அறை இருண்டது. மின்சாரம் போனது. வகுப்பாசிரியர் விளக்கு கேட்க வெளியே போனார்.

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் பேசவில்லை, சிரிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் பெஞ்சுகளைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வெறும் தரை.

"என்ன பண்றீங்க?"

வாயாடி மட்டும் திரும்பினாள். "அக்கா முன்னாடி போகச் சொல்றாங்க, மிஸ்."

"எந்த அக்கா?"

"உங்க பக்கத்துல இருக்காங்களே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கையெழுத்து வாங்கிய பதிவேடு என் மடியில் இருந்தது. எழுந்து போய்ச் சுவரைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருக்கலாம். கல்லூரியில் சொல்லியிருக்கலாம், வழியில் தபால்பெட்டி இருந்தது, ஒரு கடிதம் போட்டிருக்கலாம். மணி அடித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணி, "கையெழுத்து போட்டாச்சா?" என்றாள். போட்டாச்சு என்றேன்.

நான் கிளம்பிவந்த பதினோராவது நாள் சுவர் விழுந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான். பிள்ளைகள் அத்தனை பேரும் முன்வரிசையிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் கீறல் இல்லை. செத்தவள் தன் வேலையைச் செய்துவிட்டாள்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன், சத்தியமாக. உள்ளே மேசை மேல் என் பதிவேட்டின் நகல் இருந்தது. பெரிய மிஸ் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெளியிலிருந்து வந்த பயிற்சி ஆசிரியை, மூணு வாரம் அந்த வகுப்பிலேயே இருந்து பார்த்திருக்காங்க. பாதுகாப்பானதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க."

ஆறு வருடத்துக்கு முன்பும் இதே மேசையில் அந்தப் பெண்ணின் பதிவேட்டை வைத்து இதையேதான் சொல்லியிருப்பார். அதைப் பத்திரமாக வைத்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா, சார்."

"எழுதும்போது யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

பொய் எழுதியவள் என்றால் பட்டம் போய்விடும். இல்லை என்றேன். உயிர்ச்சேதம் இல்லை என்று கோப்பை மூடினார்கள். பெரிய மிஸ்ஸுக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி.

எனக்கும் வேலை கிடைத்தது. வேறு ஊர், புதுக் கட்டிடம். முதல் நாள் பிள்ளைகள் வருமுன் நான்கு சுவர்களையும் தட்டிப் பார்த்தேன். நான்கும் கெட்டியாக இருந்தன. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

மணி அடித்தது, பிள்ளைகள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு.

கடைசி பெஞ்சு காலியாக இருந்தது.

"பின்னாடி இடம் இருக்கே, ரெண்டு பேர் போங்க," என்றேன்.

யாரும் அசையவில்லை. முன்னால் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"அங்க ஒரு மிஸ் இருக்காங்க, மிஸ். உங்களைப் பார்த்துப் பார்த்து என்னமோ எழுதுறாங்க."