இருநூறாவது நோயாளி

காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது, இருநூறாவது வரியில் குமாஸ்தா காலியாக விட்டிருந்த ஒரு கட்டம் நிரம்பியிருந்தது. 'எடை இழப்பு: ஒன்பது கிலோ.'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அப்படி ஒரு நோயாளியே கிடையாது.

இரைப்பைப் புற்றுநோய்க்காரர்களின் வயது, தொழில், பழக்கம், முதல் அறிகுறி, எத்தனை மாதம் கழித்து வந்தார்கள் என்பதையெல்லாம், பூஞ்சை நாற்றமடிக்கும் பதிவறையில் உட்கார்ந்து, மின்விசிறி கடகடக்க, பழுத்துப்போன கேஸ் ஷீட்டுகளிலிருந்து பொறுக்கி ஏற்றுவது அவள் வேலை. நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு கட்டு தீர்ந்துவிட்டது. "ஆராய்ச்சிக்கு இருநூறு பேர்னு எழுதிக் கொடுத்துட்டேம்மா, எப்படியாவது ஒண்ணு போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பெரிய டாக்டர், அந்த மகராசன். அவளும் யோசிக்கச் சோம்பல்பட்டு, வீட்டுக்காரரையே போட்டுவிட்டாள். ஆண். ஐம்பத்திரண்டு. வெல்டர். சிகரெட் உண்டு. சாப்பிட்டதும் எரிச்சல், ஏழு மாதமாக.

அத்தனையும் நிஜம். அதுதான் கொடுமை! 'தாமதமாக வந்தார்' என்று நாள் முழுக்கத் தட்டிய விரலுக்கு, வீட்டில் அவர் எரிச்சலுக்கு வெள்ளை மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடிப்பது உறைக்கவே இல்லை. "வெறும் வாயுதான்டி" என்பார். சரியென்று விட்டுவிடுவாள்.

அன்று சாயங்காலம் அவரை எடை மெஷினில் ஏற்றினாள். ஒன்பது கிலோ குறைந்திருந்தது.

"ஏங்க, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"உன் ஆஸ்பத்திரிக்கா? உள்ள போனவன் எவன்டி திரும்பி வந்தான்?"

மறுநாள் இன்னொரு கட்டம். 'மலம்: கறுப்பு.' போன் போட்டுக் கேட்டாள். "உனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து விழுந்தது. விசைப்பலகையில் யார் கையும் இல்லை. 'வாந்தி: ரத்தம்.' கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. 'முடிவு.'

அதில் ஓர் எழுத்து வந்தது. 'இ.'

அடுத்தது. 'ற.'

வரி மொத்தத்தையும் அழித்தாள்.

மின்விசிறி நின்றது. போன் அடித்தது.

"ஏய், வலியே இல்லடி! சுத்தமா இல்ல. பசிக்குது, சீக்கிரம் வா."

அழுதுகொண்டே ஓடினாள். கடவுளே, பிழைத்தார், பிழைத்துவிட்டார். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, சோற்றுப் பானையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தார். பானையில் பாதிக்கு மேல் காலி. ஊறவைத்த பச்சை அரிசியையும் விடவில்லை.

"போதுங்க. வயிறு வலிக்கப் போகுது."

தடுக்கத்தான் அவர் வயிற்றில் கை வைத்தாள். சட்டை உள்ளே போனது. கையும் போனது. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. அழித்த வரி மாதிரி, எதுவும் தட்டவில்லை. கடைசியில் விரல் நுனியில் ஜில்லென்று முதுகெலும்பு. முடிச்சு முடிச்சாக.

அவர் மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"நிறையவே மாட்டேங்குதுடி. இன்னும் போடு."